லோடு ஏறினால் விழும் நெட்வொர்க் கார்டு: டிரைவரா, கார்டா, வேறு எதுவுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். லினக்ஸ் சர்வர் பகல் முழுக்க ஒழுங்காக ஓடுகிறது. இரவில் பேக்கப் தொடங்கி அரை மணி நேரத்துக்குள் நெட்வொர்க் சில விநாடி அறுந்து மறுபடி வருகிறது, சில நாள் வராமலே போய்விடுகிறது. லாகில் (சர்வர் தன் நிகழ்வுகளை எழுதும் பதிவு) 'டிரான்ஸ்மிட் க்யூ டைம்டு அவுட்', அதாவது அனுப்பும் வரிசை நேரத்துக்குள் நகரவில்லை என்று வாட்ச்டாக் (அந்த வரிசையைக் கண்காணிக்கும் காவல் நிரல்) செய்தி. கெர்னலோடு (லினக்ஸின் மையப் பகுதி) வந்த டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருள்) எடுத்துவிட்டு, தயாரிப்பாளர் தரும் டிரைவரைப் போட்டீர்கள். இரண்டு நாள் அமைதி, மூன்றாம் நாள் பழைய கதை. இனி கார்டையே மாற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அதற்கு முந்தைய கேள்வி என்று நினைக்கிறேன்: பிழை டிரைவரிலா, கார்டிலா, இரண்டுக்கும் வெளியிலா என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது? அதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். நீங்கள் தந்த நாலு வரி லாகை வைத்துக்கொண்டு உங்கள் கார்டுதான் காரணம் என்று தீர்ப்புச் சொல்ல என்னால் முடியாது. வேறு யார் சொன்னாலும் அது ஊகம்தான்.

முதலில் அந்தச் செய்தியைப் பார்ப்போம். அதைச் சொல்வது டிரைவர் இல்லை, கெர்னல். அனுப்ப வேண்டிய பாக்கெட்டுகளின் விவரத்தை டிரைவர் ஒரு வட்டப் பட்டியலில் எழுதி வைக்கும். இதை ரிங் என்பார்கள். கார்டு அதை மெமரியிலிருந்து தானே எடுத்து, வயரில் அனுப்பி, 'இது முடிந்தது' என்று குறித்துவிட்டு இன்டரப்ட் (சிபியுவைக் கூப்பிடும் சமிக்ஞை) கொடுக்கும். முடிந்தவற்றை டிரைவர் துடைத்து இடத்தைக் காலி செய்யும். ரிங் நிரம்பிவிட்டால், கொஞ்சம் நிறுத்து என்று டிரைவர் கெர்னலிடம் சொல்லிவிடும். அப்படி நிறுத்திய க்யூ அசையாமலே கிடந்தால் (டிரைவர் வேறு அளவு சொல்லாதவரை 5 விநாடி) கெர்னல் அந்தச் செய்தியை லாகில் எழுதிவிட்டு டிரைவரைக் கூப்பிடும். பெரும்பாலான டிரைவர்கள் அப்போது கார்டை ரீசெட் செய்யும். ஆக அந்தச் செய்திக்கு ஒரே பொருள்தான்: அனுப்பி முடித்ததற்கான தகவல் வந்து சேரவில்லை. கார்டு உறைந்திருக்கலாம், இன்டரப்ட் தொலைந்திருக்கலாம், கார்டு மெமரியை எட்ட முடியாமல் போயிருக்கலாம், எதிர்முனை 'அனுப்பாதே' என்று தடுத்திருக்கலாம். செய்தியில் டிரைவரின் பெயர் வருவதால் பழி முழுக்க அதன் தலையில் விழுகிறது, அவ்வளவுதான்.

அறுந்த நேரம் எவ்வளவு என்பதையும் கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். வாட்ச்டாக் காத்திருக்கும் 5 விநாடி, ரீசெட், பிறகு கார்டும் சுவிட்சும் வேகத்தைப் பேசி முடிக்கும் சில விநாடி, எல்லாம் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு விநாடிக்குள் திரும்பி வந்துவிட வேண்டும். நாற்பது விநாடிக்கு மேல் ஆகிறது என்றால், சுவிட்ச் போர்ட்டில் பழைய முறை ஸ்பேனிங் ட்ரீ (சுவிட்சுகளுக்கு இடையே சுழல் வராமல் தடுக்கும் முறை) ஓடுகிறதா என்று பாருங்கள். இணைப்பு ஒருமுறை விழுந்து எழுந்தால் அது கேட்பதற்கு 15, கற்பதற்கு 15 என்று 30 விநாடி போர்ட்டை மூடியே வைத்திருக்கும். சர்வர் இருக்கும் போர்ட்டை எட்ஜ் போர்ட் (பின்னால் வேறு சுவிட்ச் இல்லாத போர்ட்) என்று குறித்தால் இந்த 30 விநாடி போய்விடும். நோய் போகாது, ஆனால் இரவில் பேக்கப் டைம்அவுட் ஆகாமல் தப்பிக்கலாம்.

அடுத்து லாக். வாட்ச்டாக் வரியை மட்டும் வெட்டி அனுப்பியிருக்கிறீர்கள். எனக்கு வேண்டியது அதற்கு முந்தைய இரண்டு நிமிடம். 'லிங்க் டவுன்' என்ற வரி வாட்ச்டாக்குக்கு முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா? பின்னால் என்றால் அது ரீசெட்டின் விளைவு, கண்டுகொள்ள வேண்டாம். முன்னால் என்றால் பார்வை கேபிள், சுவிட்ச் போர்ட், கார்டின் மின்சாரம் பக்கம் போக வேண்டும். அதே இடத்தில் பிசிஐ எக்ஸ்பிரஸ் (கார்டு அமரும் ஸ்லாட்டின் இணைப்பு) பிழை வரிகள், ஐஓஎம்எம்யூ ஃபால்ட் (கார்டு அனுமதியில்லாத மெமரியைத் தொட்டது), 'பேஜ் அலொகேஷன் ஃபெய்லியர்' (மெமரி கிடைக்கவில்லை), இன்டரப்ட்டைப் பற்றி 'நோபடி கேர்டு' (யாரும் ஏற்கவில்லை) என்ற புலம்பல், இவற்றில் எது இருந்தாலும் அதுதான் நூலின் முனை. சில நாள் நெட்வொர்க் திரும்பி வராமலே போகிறது என்கிறீர்கள், அதனால் லாக் உள்ளூர் டிஸ்க்கில் பதிவாகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். முடிந்தால் சீரியல் கன்சோல் (நெட்வொர்க் இல்லாமலே தனி வயரில் லாகைக் காட்டும் வழி) போடுங்கள். விழுகிற கார்டு வழியாகவே லாகை வேறு மெஷினுக்கு அனுப்பினால், தேவையான வரிகள் மட்டும் வந்து சேராது.

'ஹெவி டிராஃபிக்' என்று எல்லோரும் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், ஆனால் அது ஒன்றல்ல. ஒரு ஜிகாபிட் இணைப்பை முழு அளவு, அதாவது 1518 பைட் ஃபிரேம்களால் (பாக்கெட் வயரில் போகும் வடிவம்) நிரப்பினால் விநாடிக்கு சுமார் 81,000 பாக்கெட். அதே இணைப்பை 64 பைட் ஃபிரேம்களால் நிரப்பினால் 14,88,095. வயரில் போகும் வேகம் ஒன்றுதான், ஆனால் ரிங்குக்கும் இன்டரப்ட்டுக்கும் சிபியுவுக்கும் வேலை 18 மடங்கு. பேக்கப் என்பது பெரிய பாக்கெட், பெரும்பாலும் ஒரே திசை. ஆகவே ஐபெர்ஃப்3 (நெட்வொர்க்கில் லோடு ஏற்றி வேகத்தை அளக்கும் கருவி) வைத்து, டிசிபி, யுடிபி என்ற இரண்டு அனுப்பும் முறைகளிலும் நான்கு விதமாகத் தனித்தனியே ஓட்டுங்கள்: பெரிய டிசிபி வெளியே, பெரிய டிசிபி உள்ளே, இரண்டும் ஒரே சமயத்தில், அப்புறம் சின்ன யுடிபி. ஒவ்வொன்றையும் பேக்கப் எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிட அதிக நேரம் ஓட விடுங்கள். வெளியே போகும் பெரிய டிசிபியில் மட்டும் விழுந்தால், பாக்கெட்டைத் துண்டாக்கும் வேலையைக் கார்டே செய்துகொள்ளும் டிஎஸ்ஓ மேல் என் சந்தேகம் போகும். சின்ன யுடிபியில் மட்டும் என்றால் இன்டரப்ட், ரிங், சிபியு. இரண்டு திசையிலும் சேர்த்து ஓட்டினால்தான் விழுகிறது என்றால் ஸ்லாட், சூடு, மின்சாரம். இவை எங்கே தேட வேண்டும் என்று காட்டும் திசைகள், ஆதாரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்தச் சோதனையில் இன்னொரு முடிவும் வரலாம்: இரவு முழுக்க ஐபெர்ஃப் ஓடியும் ஒன்றுமே ஆகாமல் இருப்பது. நான் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், பெரும்பாலானோர் இதைக் கண்டு சோர்ந்துபோகிறார்கள். உண்மையில் இதுவே பெரிய தகவல். பேக்கப் நெட்வொர்க்கை மட்டும் இழுப்பதில்லை. டிஸ்க், மெமரி, கம்ப்ரெஷன் செய்யும் சிபியு எல்லாவற்றையும் ஒன்றாக இழுக்கிறது. வெறும் நெட்வொர்க் லோடில் விழாத கார்டு பேக்கப்பில் விழுந்தால், டிஸ்க் கன்ட்ரோலரோடு ஒரே இன்டரப்ட்டைப் பகிர்கிறதா, மெமரி தீர்ந்து டிரைவருக்குப் பஃபர் கிடைக்காமல் போகிறதா, பவர் சப்ளை தாக்குப்பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்போது கார்டை மாற்றுவது வீண் செலவு.

இனி கவுண்டர்கள். இங்கே பலரும் இரண்டு வெவ்வேறு நோய்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். பாக்கெட் விழுவது ஒன்று, கார்டு உறைவது வேறொன்று. ஈத்டூலில் (கார்டின் நிலையைக் காட்டும் கட்டளை) பெரிய எஸ் ஆப்ஷன் கொடுத்தால் கார்டின் கவுண்டர்கள் வரும். சோதனைக்கு முன்னும் பின்னும் எடுத்து வித்தியாசத்தை மட்டும் பாருங்கள், ஏனென்றால் மொத்த எண் சர்வர் பூட் ஆன நாள் முதலான கணக்கு. சிஆர்சி பிழை ஏறியிருந்தால் பிட்டுகள் வழியிலேயே கெடுகின்றன என்று பொருள்: கேபிள், கனெக்டர், சுவிட்ச் போர்ட், அல்லது கார்டின் வயர் பக்கத்துப் பகுதி. இதில் டிரைவருக்குப் பங்கு இருப்பது மிக அரிது. 'மிஸ்டு', 'நோ பஃபர்' வகை ஏறியிருந்தால், வந்த வேகத்துக்கு மெஷின் எடுத்துக்கொள்ளவில்லை. ரிங்கை 256இலிருந்து 4096 ஆக்கினால் (கார்டு அனுமதித்தால்) திடீர் வெள்ளம் தாங்கும். ஆனால் உறையும் கார்டுக்கு இது மருந்தே இல்லை. ரிங்கைப் பெரிதாக்கிய பிறகு சரியானதுபோல் தோன்றினால், சரியாகவில்லை, தள்ளிப்போயிருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன். ப்ராக் கோப்பகத்துக்குள் (கெர்னல் தன் நிலையைக் காட்டும் இடம்) நெட் பகுதியில் சாஃப்ட்நெட் ஸ்டாட் என்ற கோப்பும் இருக்கிறது; சிபியுவுக்கு ஒரு வரி, எண்கள் பதினாறடிமானத்தில். முதல் எண் கையாண்ட பாக்கெட், இரண்டாவது இடமில்லாமல் எறிந்தது, மூன்றாவது, வேலை மீதி இருக்கும்போதே நேரமோ ஒதுக்கிய அளவோ தீர்ந்துபோன தடவைகள். ஒரே ஒரு வரியில் மட்டும் எண்கள் ஓடினால், எல்லா இன்டரப்ட்டும் ஒரே சிபியுவில் வந்து விழுகிறது.

யாரும் பார்க்காத ஒரு கவுண்டரைத் தனியாகச் சொல்ல வேண்டும்: பாஸ் ஃபிரேம். எதிர்முனையில் இருக்கும் சுவிட்சோ மெஷினோ திணறினால், கொஞ்ச நேரம் அனுப்பாதே என்று இந்த ஃபிரேமை அனுப்பும். அது இடைவிடாமல் வந்தால் உங்கள் கார்டு சொன்ன பேச்சைக் கேட்டு நின்றுவிடும்; ரிங் நிரம்பும்; வாட்ச்டாக் குரைக்கும். கார்டும் டிரைவரும் ஒழுங்காக இருக்க, செய்தி மட்டும் அவற்றின் பேரில் வரும். கார்டு பெற்ற பாஸ் ஃபிரேம்களின் எண்ணிக்கை அந்த நேரத்தில் எகிறினால், ஃப்ளோ கன்ட்ரோலை அணைத்துவிட்டு ஒரு இரவு ஓட்டுங்கள், பிறகு பேக்கப் வாங்கும் மெஷினைக் கவனியுங்கள். அதன் டிஸ்க் மெதுவாக இருப்பதே மொத்தக் கதையாகவும் இருக்கலாம்.

டிரைவர் பிழை எப்படி இருக்கும் என்று கேட்டால், லோடில் மட்டும் வெளிப்படும் வகை ஒன்று உண்டு. பாக்கெட் குவியும்போது டிரைவர் இன்டரப்ட்டை அணைத்துவிட்டுத் தானே போய்ப் போய் எடுத்துவரும். நாப்பி என்ற இந்த முறை லினக்ஸில் இருபது வருடத்துக்கும் மேலாக இருக்கிறது. எடுத்து முடித்ததும் இன்டரப்ட்டை மறுபடி போட வேண்டும். 'முடித்துவிட்டேன்' என்பதற்கும் 'போட்டுவிட்டேன்' என்பதற்கும் நடுவே உள்ள நுண்ணிய இடைவெளியில் ஒரு பாக்கெட் வந்து, டிரைவர் அதைச் சரியாகக் கவனிக்காவிட்டால், யாரும் எழுப்பாமல் அந்த க்யூ தூங்கிவிடும். உச்ச லோடில் டிரைவர் எடுத்துக்கொண்டே இருப்பதால் இந்த இடைவெளி அரிதாகவே வரும். லோடு ஏறி இறங்கும்போதுதான் அடிக்கடி வரும். 'முழு வேகத்தில் நன்றாக ஓடுகிறது, பாதி வேகத்தில் விழுகிறது' என்று யாராவது சொன்னால் நான் நிமிர்ந்து உட்காருவது இதனால்தான். இதைப் பிடிக்க, ப்ராக் கோப்பகத்திலுள்ள இன்டரப்ட்ஸ் கோப்பை விநாடிக்கு ஒருமுறை நேரத்தோடு டிஸ்க்கில் எழுதும் சின்ன ஸ்கிரிப்ட் போதும். விழுந்த நிமிடத்தைத் திறந்து பாருங்கள். மற்ற க்யூக்களின் எண்கள் ஓட, ஒன்று மட்டும் அப்படியே நின்றிருந்தால் அந்த க்யூவின் இன்டரப்ட் தொலைந்திருக்கிறது. எல்லாம் சேர்ந்து நின்றிருந்தால் கார்டு மொத்தமாக உறைந்திருக்கிறது.

அணைத்துப் பார்க்க வேண்டியவை இரண்டு வகை. ஒன்று ஆஃப்லோடு, அதாவது பாக்கெட்டைத் துண்டாக்கும், சேர்க்கும் வேலையில் சிபியுவின் சுமையைக் குறைக்கும் வசதிகள். இன்டெல்லின் இ1000இ டிரைவர் பயன்படுத்தும் சில சிப்புகளில் 'ஹார்டுவேர் யூனிட் ஹேங்' என்ற செய்தி வருவதும், டிஎஸ்ஓவை அணைத்தால் பலருக்கு நிற்பதும் தெரிந்த விஷயம். எல்லா ஆஃப்லோடையும் ஒரேயடியாக அணைத்தால் எது காரணம் என்று தெரியாமல் போகும். முதலில் டிஎஸ்ஓ மட்டும், பிறகு ஜிஎஸ்ஓ (அதே துண்டாக்கல், கெர்னலில்), பிறகு ஜிஆர்ஓ (வரும் பாக்கெட்டுகளைச் சேர்ப்பது) என்று போங்கள். விலை சிபியு நேரம்தான். ஒரு ஜிகாபிட்டில் இன்றைய சிபியுவுக்கு அது பெரிய சுமையில்லை, பத்து ஜிகாபிட்டில் நன்றாகவே உறைக்கும்.

இரண்டாவது மின்சேமிப்பு: ஸ்லாட்டைத் தூங்க வைக்கும் ஏஎஸ்பிஎம், வயரைத் தூங்க வைக்கும் இஇஇ. லோடில்தானே விழுகிறது, தூக்கத்துக்கு அங்கே என்ன வேலை என்று தோன்றும். ஆனால் பேக்கப் சீராக ஓடும் ஆறு இல்லை. டிஸ்க் படிக்கும் இடைவெளிகளில் கார்டு நுண்விநாடிக் கணக்கில் தூங்கி எழுந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு எழுச்சியும் ஒரு வாய்ப்பு. ரியல்டெக் சிப்புகளில் ஏஎஸ்பிஎம் தொடர்பான தொல்லை அடிக்கடி பேசப்படுவது. இங்கே பலர் சறுக்கும் ஒரு இடம் உண்டு. கெர்னலுக்குப் பூட் ஆகும்போது கொடுக்கும் 'பிசிஐஇ ஏஎஸ்பிஎம் ஆஃப்' என்ற அளபுரு ஏஎஸ்பிஎம்மை அணைப்பதில்லை. கெர்னல் அதைத் தொடாது, பயாஸ் (மதர்போர்டின் தொடக்க மென்பொருள்) வைத்தது வைத்தபடி இருக்கும் என்பதே அதன் பொருள். உண்மையிலேயே அணைய வேண்டுமானால் பயாஸில் அணைக்க வேண்டும், அல்லது ஏஎஸ்பிஎம் பாலிசியை 'பெர்ஃபார்மன்ஸ்' என்று வைக்க வேண்டும். 'அணைத்துப் பார்த்தேன், பயனில்லை' என்று முடிவெடுத்தவர்களில் பலர் அணைக்கவே இல்லை.

என் கையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு ஃபைல் சர்வர். உங்களுடையதைப் போலவே இரவில் வாட்ச்டாக். டிரைவரை மூன்று முறை மாற்றினோம், ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) ஏற்றினோம். மூன்று வாரம் கழித்துத்தான் எல்எஸ்பிசிஐயை (ஸ்லாட்டுகளில் இருப்பவற்றைப் பட்டியலிடும் கட்டளை) விரிவாகப் போட்டுப் பார்த்தேன். கார்டு நான்கு லேன் (ஸ்லாட்டின் தரவுத் தடம்) கேட்கிறது, இணைப்பு ஒரே லேனில் ஓடிக்கொண்டிருந்தது. லாகைப் பின்னோக்கித் தேடினால், 'திருத்தப்பட்ட பிழை' என்ற பிசிஐ எக்ஸ்பிரஸ் வரிகள் லோடு நேரத்தில் மட்டும் நூற்றுக்கணக்கில் இருந்தன. திருத்தப்பட்டதுதானே என்று எல்லோரும் அவற்றை வடிகட்டி எறிந்திருந்தோம். கார்டைக் கழற்றினால், ஸ்லாட்டின் பின்முனையில் அது முழுதாக அமரவே இல்லை. கேபிளின் எடை இழுத்திருந்தது, தங்க முனைகளில் பாதி இடத்தில்தான் தேய்ந்த தடம். துடைத்து வேறு ஸ்லாட்டில் போட்டு, கேபிளுக்கு ஒரு பிடிப்பு கொடுத்தோம். நான்கு லேனும் வந்தன, வாட்ச்டாக் நின்றது. காரணம் அமராத கார்டா, பழைய ஸ்லாட்டில் வேறு கோளாறா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டேன். அது என் தவறு. அந்த மூன்று வாரத்தில் டிரைவருக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது மட்டும் உறுதி.

இப்போது உங்கள் 'இரண்டு நாள் நன்றாக இருந்தது' என்ற வரிக்கு வருகிறேன். இதற்கு இரண்டு விளக்கங்கள். ஒன்று, வெறும் தற்செயல். முன்பு சராசரியாக இரண்டு இரவுக்கு ஒருமுறை விழுந்தது என்றால், எதையுமே மாற்றாமல் இரண்டு இரவு அமைதியாகப் போக நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. ஐந்து இரவு அமைதியாகப் போனால் அது 32இல் ஒன்று. அப்போதுதான் மாற்றம் வேலை செய்கிறது என்று நான் கொஞ்சம் நம்பத் தொடங்குவேன். மற்றொன்று, வெளியிலிருந்து கம்பைல் செய்து போட்ட டிரைவர், கெர்னல் அப்டேட்டும் ரீபூட்டும் நடந்தால் சத்தமில்லாமல் காணாமல் போய், பழையது மறுபடி வந்து உட்கார்ந்துவிடும். ஈத்டூலில் சின்ன ஐ ஆப்ஷன் போட்டு, இந்த நிமிடம் எந்த டிரைவர், எந்த ஃபர்ம்வேர் ஓடுகிறது என்று பாருங்கள். நீங்கள் நினைத்ததுதானா? மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன் செய்ய வேண்டியது இது, அரை நிமிட வேலை.

இனி கார்டு மாற்றும் கேள்வி. வேறு சிப் உள்ள கார்டைப் போட்டுப் பிரச்சினை நின்றால், சர்வர் பிழைத்தது, நல்லதுதான்; ஆனால் பழைய கார்டு கெட்டது என்று அது நிரூபிக்காது. சிப்போடு டிரைவரும் மாறிவிட்டது, ஸ்லாட்டும் மாறியிருக்கலாம். பிரித்தறிய வேண்டுமானால் இரண்டு மாற்றம் வேண்டும். அதே மாடலில் இன்னொரு கார்டை அதே ஸ்லாட்டில், அதே கேபிளில் போடுங்கள்: நின்றால் கெட்டது அந்த ஒரு கார்டு, அல்லது அது ஸ்லாட்டில் அமர்ந்திருந்த விதம். தொடர்ந்தால், உங்கள் பழைய கார்டை வேறு மெஷினில், அதே கெர்னலில், அதே லோடில் ஓட்டுங்கள்: அங்கேயும் விழுந்தால் டிரைவர் அல்லது சிப் வடிவமைப்பு, விழாவிட்டால் உங்கள் மெஷின். இவற்றுக்கு நடுவே விழும் விசித்திரங்களும் உண்டு. 2013இல் இன்டெல் 82574எல் சிப் உள்ள சில மதர்போர்டுகளில், குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட ஒரு பைட் இருக்கும் பாக்கெட் வந்தால் கார்டே செத்துப்போனது. மதர்போர்டு தயாரிப்பாளர் ஒருவர் ஈஈப்ராமில் (சிப்பின் அமைப்புகளை வைத்திருக்கும் சிறு மெமரி) தவறாக எழுதி வைத்ததே காரணம் என்று இன்டெல் சொன்னது. டிரைவரும் இல்லை, சிப்பும் இல்லை. இப்படி ஒன்று உங்களுக்கு நேர வாய்ப்பு குறைவு, ஆனாலும் ஃபர்ம்வேரைச் சோதிக்காமல் விடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

சர்வர் உற்பத்தியில் இருக்கிறது, இரவு பேக்கப் தவறக்கூடாது என்றால், வேறு சிப் கார்டு ஒன்றை இன்றே போட்டுவிடுங்கள். அதில் எனக்குத் தயக்கம் இல்லை. பழையதை எறியாமல் ஒரு சோதனை மெஷினில் வைத்து மேலே சொன்னவற்றை ஒவ்வொன்றாகச் செய்யுங்கள், ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஐந்து இரவு. பழைய கெர்னலில் விழாமல் புதியதில் மட்டும் விழுகிறது என்று உறுதியானால் கிட் பைசெக்ட் (மாற்றங்களைப் பாதி பாதியாக வெட்டி, பிழை எதில் நுழைந்தது என்று தேடுவது) செய்யலாம். நடுவில் பதினைந்தாயிரம் மாற்றங்கள் இருந்தாலும் பதினான்கு சோதனையில் ஒன்றுக்கு வந்துவிடும். ஒரு சோதனைக்கு ஐந்து இரவு என்றால் எழுபது இரவு ஆகிவிடும், ஆகவே அதற்கு முன் பத்து நிமிடத்தில் விழ வைக்கும் ஒரு ஐபெர்ஃப் வடிவத்தைக் கண்டுபிடிக்கப் பாடுபடுங்கள். அப்படி ஒன்று கிடைத்து, வாட்ச்டாக்குக்கு முந்தைய இரண்டு நிமிட லாக், முன்பின் கவுண்டர்கள், எல்எஸ்பிசிஐ விவரம் இவற்றோடு இங்கே போட்டால், நானும் என் மெஷினில் ஓட்டிப் பார்க்கிறேன்.